ஓர் அஞ்சலட்டையும் ஒரு நகரமும்

1961ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா நாட்டின் இபாடான் நகரில், பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் ஓர் அஞ்சலட்டை தரையில் கிடந்தது. அஞ்சலில் சேர்ந்து கடல் கடந்து போயிருக்க வேண்டிய அட்டை அது. வழியில் எப்படியோ கைதவறி விழுந்துவிட்டது. அதைக் கண்டெடுத்தவர் அங்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு நைஜீரிய மாணவர். கடிதமாக இருந்தால் உறைக்குள் இருந்திருக்கும். அஞ்சலட்டைக்கு ஏது உறை? எழுதியிருந்தது முழுவதும் அவர் கண்ணில் பட்டது.

அதை எழுதியவர் 23 வயது அமெரிக்கப் பெண். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டூழிய அமைப்பைத் தொடங்கியிருந்தார். இளையர்கள் வேறொரு நாட்டில் இரண்டாண்டு காலம் தங்கி, ஆசிரியர்களாகவோ தாதியர்களாகவோ வேறு பணிகளிலோ உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். (அதே அமைப்பின் தொண்டூழியர்கள் 1962இல் மலாயாவுக்கும் வந்தனர்.) நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் குழுவில் அந்தப் பெண்ணும் ஒருவர். பள்ளிகளில் கற்பிக்கச் செல்வதற்கு முன்பு, அக்குழுவினர் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் தங்கிப் பயிற்சி பெற்றுவந்தனர். அவர்கள் ஊருக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன.

அவர் அந்த அட்டையைத் தம் நண்பர் ஒருவருக்கு எழுதியிருந்தார். எவ்வளவோ பயிற்சி பெற்றிருந்தும் இந்த அழுக்கையும் பின்தங்கிய வாழ்க்கையையும் காணத் தாங்கள் தயாராக இல்லை என்றார். எங்களைத் தவிர இங்கு எல்லாரும் தெருவிலேயே வாழ்கிறார்கள், தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே விற்கிறார்கள், இயற்கைக்கடனையும் தெருவிலேயே கழிக்கிறார்கள் என்றார். முதல் அதிர்ச்சி நீங்கிய பிறகு இது பயனுள்ள அனுபவமாகவே இருக்கிறது என்றும் அதே அட்டையில் குறிப்பிட்டிருந்தார். அந்த வரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அட்டையிலிருந்த செய்தி படியெடுக்கப்பட்டு மாணவர் விடுதிகளில் பரவியது. நைஜீரியா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று ஓராண்டுதான் கடந்திருந்தது. வெள்ளையர்கள் தங்கள் ஊரைப் பற்றி இழிவாக எழுதியவற்றைப் படித்து வளர்ந்த மாணவர்கள், உதவ வந்தவரும் அதையேதான் எழுதுகிறார் என்று கொதித்தெழுந்தனர். கண்டனக் கூட்டம் நடைபெற்றது. தொண்டூழியர்களை உளவாளிகள் என்றனர். நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றனர். செய்தி உலக நாளிதழ்களில் இடம்பெற்றது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். ஆயினும், அவர் நைஜீரியாவில் தொடர்ந்து பணியாற்ற முடியவில்லை. அவர் நாடு திரும்பினார். குழுவின் மற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளுள் ஒன்றைச் சொல்வார்கள். அந்தப் பெண் ஆணவம் பிடித்தவர் என்பது ஒன்று. நண்பருக்கு எழுதிய சொந்தச் செய்தியைப் படித்துக் கலகம் செய்தது தவறு என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இரண்டாண்டு காலத்தை முன்பின் அறியாத ஊருக்குக் கொடுக்க முன்வந்தவரை ஆணவக்காரர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. தங்கள் ஊரைப் பற்றி அப்படிப் படித்தவர்கள் புன்னகை செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அட்டையில் இருந்தது பொய்யா?

பொய் இல்லை என்பதே இந்த நிகழ்ச்சியின் சிக்கல். இபாடானில் மக்கள் தெருவோரத்தில் சமைத்தார்கள், தெருவோரத்தில் விற்றார்கள். அவர் கண்டதைத்தான் எழுதினார். ஆனால், ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதைப்போல, கண்ட சிலவற்றைக் கொண்டு ஊர் முழுவதையும் அளந்துவிட்டார். அந்தப் பழமொழி சோற்றுக்குப் பொருந்தும். ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த அரிசி அது. ஒரு நகரம் அப்படி வேகுவதில்லை.

அந்தச் சில நாள்களில் அவர் அறியாமல் போனவை எவை? அவர் தங்கியிருந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1948இல் தொடங்கப்பட்டது. சினுவா அச்செபே அங்குப் படித்தவர். 1958இல் வெளிவந்த அவருடைய முதல் புதினம் பின்னர் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1986இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற வோலே சொயிங்காவும் அங்குப் படித்தவரே. அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மேற்கு வட்டாரத்தில், ஒபாஃபெமி அவொலோவோவின் அரசாங்கம் 1955இலேயே இலவசத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்தியது. 1959இல் இபாடானில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது 1963இல்தான். ‘பின்தங்கிய’ ஊரில் மக்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூர் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

இப்படி அடுக்குவதால் இபாடானில் வறுமையே இல்லை என்று பொருளாகாது. இருந்தது. துருப்பிடித்த தகரக் கூரைகள் குன்றுகளின் சரிவெங்கும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வசதிக் குறைவும் தொலைக்காட்சி நிலையமும் ஒரே ஊரில் இருந்தன. முதல் பார்வைக்கு முன்னது உடனே அகப்படும். பின்னதைக் கேட்டால்தான் தெரியும்.

தெருவில் விற்பதையே எடுத்துக்கொள்ளலாம். யொரூபா மக்களிடையே சந்தை வணிகம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. பெண்களின் தலைவிக்கு ‘இயாலோடே’ என்னும் பட்டம் உண்டு. நகர நிர்வாகத்தில் அவருக்கு இடமும் குரலும் உண்டு. சாலையோரத்தில் ஒரு பெண் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அவர் இரங்கத்தக்கவராகத் தோன்றலாம். அவர் தம் சொந்தப் பணத்தில் முதல் போட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வணிகராக இருக்கக்கூடும் என்பது கூடையைப் பார்த்தால் தெரியாது.

மொழியும் அப்படித்தான். யொரூபா மொழியில் சந்தர்ப்பத்திற்கு ஏற்ப வணக்கம் மாறும். வேலை செய்துகொண்டிருப்பவருக்கு ஒன்று, பயணம் முடிந்து வந்தவருக்கு வேறொன்று. பெரியவர்களைப் பேச்சில் குறிப்பிட மரியாதைச் சொல் தனியே உண்டு. தமிழில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளைக்கு, இது புரியச் சிறிது நேரமே போதும். இத்தகைய நுட்பமான மரியாதையுள்ள ஒரு சமுதாயத்தை ‘பின்தங்கிய’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது அச்சமுதாயத்தின் காதில் எப்படி விழும் என்பதையும் அப்பிள்ளையால் உணர முடியும்.

அந்த அட்டையில் மாணவர்களை மிகவும் புண்படுத்தியது ‘அழுக்கு’ என்ற சொல்லாக இருக்கலாம். ஆனால், உற்றுப் பார்த்தால் அதைவிடக் கூர்மையான சொல் ‘எங்களைத் தவிர’ என்பதே. தொண்டூழியர்கள் தங்கியிருந்தது பல்கலைக்கழகக் கல்லூரி விடுதிகளில். அதே விடுதிகளில்தான் நைஜீரிய மாணவர்களும் தங்கியிருந்தார்கள். அவர்களும் தெருவில் வாழவில்லை. ஆகவே, ‘எங்களைத் தவிர எல்லாரும்’ என்பது கண்ணால் கண்ட உண்மையும் அன்று. உடன் தங்கியிருந்தவர்களையே மறந்துவிட்டு எழுதப்பட்ட சொல் அது. ‘நாங்கள்’ ஒரு பக்கம், ‘அவர்கள்’ மறுபக்கம் என்ற கோடு, ஊருக்கு வரும் முன்பே மனத்தில் போடப்பட்டுவிட்டது. முதல் பார்வை அந்தக் கோட்டின் மேல்தான் எழுதப்பட்டது.

ஒரு கற்பனை. அதே 1961இல் ஒரு தொண்டூழியர் சிங்கப்பூருக்கு வந்து, அதே அட்டையை எழுதியிருந்தால்? ஒரு சொல்லைக்கூட அதிகமாக மாற்ற வேண்டியிருந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் ஏற்பட்ட தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். நகரின் கடைவீடுகளில் ஒரே அறையைப் பலகைகளால் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. உணவுக் கடைகள் தெருவில்தான் இருந்தன. திரையரங்கு வாசலில் கச்சாங் பூத்தே விற்றவரும், தள்ளுவண்டியில் மீ கோரெங் பிரட்டியவரும் தெருவில்தான் சமைத்தார்கள், தெருவில்தான் விற்றார்கள். பல வீடுகளில் கழிவறை என்பது ஒரு வாளி. அந்த வாளிகளை எடுத்துச் செல்ல ஆள் வரவேண்டும். அந்த முறை சிங்கப்பூரில் முழுமையாக நின்றது 1987இல்.

அந்தத் தெருக் கடைக்காரர்களின் தொழில்தான் பின்னர் உணவங்காடி நிலையங்களுக்குள் குடிபுகுந்தது. 2020இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 1961இல் சிராங்கூன் சாலையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்ட ஒருவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர் மீது குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அவர் எழுதிய அட்டை அப்போதைய சிங்கப்பூர் இளையர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால், அவர் இபாடான் மாணவரைப்போல் கோபப்பட்டிருக்கமாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அப்படியானால் குறைகளைச் சொல்லவே கூடாதா? புதிதாக வருபவரின் கண்ணுக்குத் தனி மதிப்பு உண்டே? உண்மைதான். திறந்த சாக்கடையின் பக்கத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு நாற்றம் தெரிவதில்லை; நேற்று வந்தவருக்குத் தெரியும். அந்தக் கண்ணை இழந்துவிடக் கூடாது. முதல் நாள் மனத்தில் பட்டதை எழுதி வைக்காவிட்டால், ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிடும். பிறகு எதுவும் வியப்பாக இருக்காது. ஆகவே, முதல் பார்வையை எழுதுவது தவறன்று. அதைத் தீர்ப்பாக்கி, உறையில்லாமல் ஊருக்கு அனுப்புவதில்தான் தவறு இருக்கிறது.

குறை சொல்லாமல் புகழ்ந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இன்றைய அஞ்சலட்டைகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவை. பள்ளி விடுமுறையில் தொண்டூழியம் செய்யக் கம்போடியாவுக்கோ வியட்னாமுக்கோ இந்தோனேசியாவுக்கோ சென்ற குழுக்கள் சமூக ஊடகத்தில் பதிவேற்றும் படங்களைப் பார்த்தால் தெரியும். வெறுங்காலுடன் சிரிக்கும் ஒரு குழந்தை. அதன் தோளைச் சுற்றி ஒரு தொண்டூழியரின் கை. கீழே ஒரு வரி: ‘இவர்களிடம் எதுவுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!’

இந்த வரி அன்பாக ஒலிக்கிறது. ஆனால், இதுவும் முதல் பார்வைதான். 1961இன் அட்டையைவிட இது மென்மையானது. நேர்மையானது என்று சொல்ல முடியாது. ‘எதுவுமே இல்லை’ என்று எப்படித் தெரிந்தது? வீட்டிற்குள் சென்று பார்த்தார்களா? ‘மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று எப்படித் தெரிந்தது? புகைப்படக் கருவியை நீட்டினால் எந்த ஊர்க் குழந்தையும் சிரிக்கும். இதில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டால், அந்தப் பள்ளியில் ஏன் போதிய ஆசிரியர்கள் இல்லை, அந்த அப்பா வேலை தேடி ஏன் தாய்லாந்துக்குப் போனார் என்றெல்லாம் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். இழிவாக எழுதியவர் ஊரைப் பார்த்து முகம் சுளித்தார். புகழ்ந்து எழுதுபவர் ஊரைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்.

கம்போடியாவின் சியம் ரீப் பகுதிக்கு முதன்முறையாகச் செல்லும் ஒரு சிங்கப்பூர் மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய முதல் நாள் குறிப்பேட்டில் மூன்று வரிகள் இருக்கின்றன. காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருவில் விளையாடுகிறார்கள் என்பது முதல் வரி. வீடுகள் பாதி கட்டிய நிலையில் நிற்கின்றன. கீழே வெறும் தூண்கள்தாம் இருக்கின்றன என்பது இரண்டாவது. இங்குள்ளவர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை, பார்த்தவுடனேயே வயதைக் கேட்கிறார்கள் என்பது மூன்றாவது.

மூன்றும் அவள் கண்டவை, கேட்டவை. எதையும் அவள் கற்பனை செய்யவில்லை. ஆனால், கம்போடியாவின் பல அரசுப் பள்ளிகள் இரண்டு நேரமாக நடைபெறுகின்றன. காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் மற்றொரு பிரிவு. பத்து மணிக்கு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு மணிக்கு வெள்ளைச் சட்டை அணிந்து சைக்கிளில் போகக்கூடும். சிங்கப்பூரிலும் ‘காலைப் பள்ளி’, ‘மதியப் பள்ளி’ என்று இந்த முறை பல பத்தாண்டுகள் இருந்தது. அவள் தன் பெற்றோரிடம் கேட்டிருந்தால் போதும்.

தூண்கள் மேல் நிற்கும் வீட்டிற்கும் காரணம் உண்டு. சியம் ரீப்புக்கு அருகிலுள்ள தொன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு பெருகும். மேக்கோங் ஆற்று வெள்ளம் பின்னோக்கித் தள்ளுவதால், ஏரியிலிருந்து வெளியேறும் ஆறே அப்போது திசை மாறி ஏரியை நோக்கி ஓடும். உலகில் அரிதாகக் காணப்படும் காட்சி அது. வறண்ட காலத்தில் ஏறக்குறைய 2,500 சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளக் காலத்தில் 10,000 சதுரக் கிலோமீட்டரையும் தாண்டிப் பரவும். கரையோரக் கிராமங்களில் தூண்கள் மிக உயரமாக இருப்பது அதனால்தான். நீர் எட்டாத இடங்களில்கூட வீட்டின் கீழ்ப்பகுதி வீணாவதில்லை. வெயில் நேரத்தில் குளிர்ச்சியாக இருக்கும் இடம் அதுதான். ஊஞ்சல் படுக்கை அங்கே தொங்கும். தறி அங்கே இருக்கும். விருந்தினர் அங்கே அமர்வார். வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தை முதன்முறையாகப் பார்க்கும் வெளிநாட்டவரும், இதை ஏன் கட்டி முடிக்கவில்லை என்று கேட்கக்கூடும். அங்கே திருமணமும் நடக்கும், இறுதிச்சடங்கும் நடக்கும், தாத்தாக்கள் சதுரங்கமும் ஆடுவார்கள் என்பது சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வயதைக் கேட்பது நாகரிகக் குறைவா? கெமெர் மொழியில் மூத்தவரை ‘போங்’ என்று அழைப்பார்கள்; அண்ணன், அக்கா இரண்டிற்கும் அதே சொல். இளையவருக்கு வேறு சொல். அத்தை, மாமா, பாட்டி, தாத்தா வயதினருக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. அறிமுகமில்லாதவரையும் இந்த உறவுச் சொற்களால் அழைப்பதே வழக்கம். எதிரில் நிற்பவர் தம்மைவிட மூத்தவரா, இளையவரா என்று தெரியாமல் பேச்சையே தொடங்க முடியாது. கடைக்காரரை ‘அண்ணே’ என்றும், டாக்ஸி ஓட்டுநரை ‘அங்கிள்’ என்றும் அழைத்து வளர்ந்த பெண்ணுக்கு இது அந்நியமானதா? அந்த மூதாட்டி கேட்டது வயதை மட்டுமல்ல. ‘உன்னை என்ன முறை சொல்லி அழைக்கட்டும்?’ என்றுதான் கேட்டார்.

குறிப்பேட்டில் தவறாக எழுதினால் அடித்துத் திருத்தலாம். முதல் பார்வையை நம்பி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் திருத்துவது கடினம். இதற்குக் கசப்பான சான்று ஒன்று உண்டு. பங்ளாதேஷில் 1970களில் மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தார்கள். கலங்கிய நீர், அதில் நோய்க்கிருமிகள் இருந்தன, பல குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தனர். ஆகவே, உதவி அமைப்புகள் ஏராளமான குழாய்க் கிணறுகளை அமைத்தன. அவற்றிலிருந்து தெளிந்த நீர் வந்தது. பார்த்தவர்கள் அனைவரும் மகிழ்ந்தனர். அந்தத் தெளிந்த நீரில் பல இடங்களில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது 1990களில்தான் தெரியவந்தது. மண்ணின் அடியிலிருந்த நஞ்சு அது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கம்போடியாவிலும் மேக்கோங் ஆற்றங்கரையோரக் கிணறுகள் சிலவற்றில் இதே நஞ்சு கண்டறியப்பட்டது. பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றிற்குச் சிவப்பும் மற்றவற்றிற்குப் பச்சையும் பூசினார்கள். கிணறு வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அக்கிணறுகள் கிருமிகளிலிருந்து பலரைக் காத்ததும் உண்மை. ஆனால், தெளிவாகத் தெரிவது தூய்மையானது என்று கண்ணை நம்பியதற்குப் பல சிற்றூர்கள் நீண்ட காலம் விலை கொடுத்தன. நிபுணர்களுக்கே இப்படி என்றால், பதினான்கு நாள் பயணத்தில் செல்லும் பதினாறு வயது மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் மாணவர்கள் வெளிநாட்டுத் தொண்டூழியத்திற்குச் செல்லவே கூடாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். விமானச் சீட்டுக்குச் செலவாகும் பணத்தை அந்த ஊருக்கே அனுப்பிவிடலாமே என்பது அவர்கள் கேள்வி. கணக்குப்படி அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சுவருக்குச் சாயம் பூச அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார். அவர் மாணவர்களைவிட நன்றாகவே பூசுவார். எனினும், பணம் அனுப்பியவர் யாரும் அங்குள்ள ஒரு மூதாட்டியிடம் தம் வயதைச் சொல்லி, அவரிடமிருந்து ஓர் உறவுப் பெயரைப் பெற்றதில்லை. போவதில் தவறில்லை. உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் போவதுதான் சிக்கல். கற்றுக்கொள்ளப் போகிறவர் கேள்வி கேட்பார். உதவ மட்டும் போகிறவர் வண்ண டப்பாவைத் திறந்துவிடுவார்.

ஆயத்தக் கூட்டங்களில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். நிதி திரட்டுதல், கொசு மருந்து, பயணப்பையின் எடை, குழுச் சட்டையின் நிறம் ஆகியவற்றுக்கு மணிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. (சட்டையின் நிறத்தைப் பற்றிய விவாதம்தான் பெரும்பாலும் மிக நீளமானது.) அந்த ஊர் மொழிக்குக் கடைசியில் அரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அதிலும் ‘வணக்கம்’, ‘நன்றி’, ‘எவ்வளவு’ என்ற மூன்று சொற்களோடு முடிந்துவிடும். மாறாக, மூத்தவரை எப்படி அழைப்பது, குழந்தையின் தலையைத் தொடுவதை ஏன் தவிர்க்க வேண்டும், ஒரு வீட்டிற்குள் அழைத்தால் எங்கே அமர்வது என்பவற்றைக் கற்றுச் சென்றால், முதல் நாளே வேறு விதமாக விடியும்.

படங்களைப் பதிவேற்றுவதைப் பற்றியும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம். முதல் வாரம் எதையும் பதிவேற்றக்கூடாது. அதன் பிறகு பதிவேற்ற விரும்பும் வரியை, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். படத்தில் இருக்கும் குழந்தையின் அம்மாவிடமே சொன்னால் இன்னும் நல்லது. ‘உங்களிடம் எதுவுமே இல்லை, ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழுமா? எழாவிட்டால் அந்த வரி உலகத்திற்கும் போக வேண்டாம். 1961இல் ஓர் அட்டை எழுதியவருக்குத் தெரியாமல் தவறி அந்த ஊர்க்காரர் கையில் கிடைத்தது. இன்று தவறி விழ வேண்டிய தேவையே இல்லை. கம்போடிய இளையர்களிடமும் கைப்பேசி இருக்கிறது. அவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

குறிப்பேட்டை வைத்திருக்கும் அந்த மாணவி முதல் நாளில் இடப்பக்கத்தில் மட்டும் எழுதட்டும். வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். தெருவில் விளையாடிய பிள்ளையைச் சீருடையில் பார்க்கும் நாளில், அந்த வரிக்கு நேராக ஒன்று எழுதிக்கொள்ளலாம். மூதாட்டி வீட்டுத் தூண்களுக்கு நடுவே அமர்ந்து சோறு உண்ட நாளில் இன்னொன்று எழுதலாம். இடப்பக்கத்தில் இருப்பவற்றை அடிக்க வேண்டியதில்லை. அவையும் அவள் கண்டவைதாம். பதினான்கு நாளில் வலப்பக்கத்தில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் சேராது. மீதிப் பக்கம் காலியாகவே சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்.